ஏரிப் பட்டியலில் அடையாற்றுக்கும் ஒரு வரி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால், காலையில் தங்கள் நாளிதழைப் பிரித்ததும் நான் தேடுவது ஏரிகளின் நீர்மட்டப் பட்டியலைத்தான். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என்று வரிசையாக எத்தனை அடி, எவ்வளவு நீர்வரத்து, எவ்வளவு திறப்பு எல்லாம் இருக்கும். நான் குடியிருப்பது முடிச்சூரை ஒட்டிய வரதராஜபுரத்தில். மழைக்காலத்தில் எங்கள் வீட்டுக்குள் புகுகிற வெள்ளம் அடையாற்றுத் தண்ணீர். அந்த ஆறு மட்டும் பட்டியலில் இல்லை.

செம்பரம்பாக்கத்தைக் கவனித்தால் அடையாற்றையும் கவனித்த மாதிரிதான் என்று பலர் நினைக்கிறார்கள். செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் ஆற்றில் கலப்பது திருநீர்மலைப் பக்கம். நாங்கள் இருப்பதோ ஆற்றில் அதற்கு மேல்பக்கம், தண்ணீர் வரும் திசையில். ஆதனூர், மண்ணிவாக்கம், மணிமங்கலம் பக்கத்து ஏரிகள் நிரம்பிக் கலங்கல் வழிந்தால் அந்த வெள்ளம் முதலில் எங்கள் தெருக்களுக்குத்தான் வரும். 2015 டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கத்தில் விநாடிக்கு 29,000 கன அடி திறந்ததை இன்றும் எல்லோரும் பேசுகிறார்கள். அந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியதே, அந்தத் தண்ணீர் எந்த மதகையும் கேட்டுக்கொண்டு வரவில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலன்று இரவு உதவி எண்ணை அழைத்து, "ஆறு எவ்வளவு ஏறியிருக்கிறது?" என்று கேட்டேன். ஏரி மட்டத்தைச் சொன்னார்கள். மறுபடி கேட்டேன், மறுபடியும் ஏரி மட்டம்தான். அதன்பிறகு பக்கத்து வீட்டுத் தம்பியும் நானும் டார்ச் விளக்கோடு மாடிப்படியில் நின்று, எதிர்ச் சுவரில் எத்தனை செங்கல் வரிசை முழுகுகிறது என்று எண்ணிக்கொண்டிருந்தோம். கீழ்வீட்டு அம்மாவை எப்போது மேலே தூக்கி வருவது என்பதை அந்தச் செங்கற்கள்தான் எங்களுக்குச் சொல்லின.

மேட்டூரில் திறந்தால் கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேர நாள் கணக்காகும். அடையாறு மொத்தமே 42 கி.மீ. நீளம்தான். இங்கே எல்லாம் மணிக்கணக்கு. நேற்றைய மட்டம் எங்களுக்கு உதவாது. கடந்த ஒரு மணி நேரத்தில் எத்தனை அடி ஏறியது என்பதே வேண்டும்.

அதை அளப்பது பெரிய வித்தையும் இல்லை. பாலத்துத் தூணில் அடி, அங்குலம் தெரியும்படி ஓர் அளவுகோல் வரைந்தால் மட்டம் தெரிந்துவிடும். பாலத்துக்கு அடியில் ரேடார் கருவி பொருத்தினால் இருட்டிலும் மழையிலும் அதுவே அளந்து அனுப்பும். ஓட்டத்தை அறிய, ஆற்றின் குறுக்குவெட்டுப் பரப்பை நீரின் வேகத்தால் பெருக்க வேண்டும். வெவ்வேறு மட்டங்களில் இதைப் பலமுறை செய்து பட்டியலாக வைத்துக்கொண்டால், பிறகு மட்டத்தைப் பார்த்தே கன அடியைச் சொல்லிவிடலாம். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. 2015க்குப் பிறகு இந்தப் பகுதியில் ஆற்றை அகலப்படுத்தினார்கள். வண்டலும் ஆகாயத்தாமரையும் ஆண்டுதோறும் சேர்கின்றன. அதனால் பழைய பட்டியலை நம்பி உட்கார முடியாது. ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்பும் அளந்து திருத்த வேண்டும்.

சென்னை ஆறுகளுக்கான அரசின் நிகழ்நேர வெள்ள முன்னறிவிப்பு அமைப்பை வரவேற்கிறேன். ஆனால் அளந்த எண் கட்டுப்பாட்டு அறைத் திரையோடு நின்றுவிட்டால் எங்களுக்கு என்ன பயன்? விநாடிக்கு இத்தனை கன அடி என்றால் எங்கள் தெருவில் பலருக்குப் புரியாது. "பாலத்து அளவுகோலில் இந்தக் கோட்டைத் தொட்டால் இந்தத் தெருவுக்குத் தண்ணீர் வரும்" என்று முன்கூட்டியே சொல்லிவைத்தால் படிக்காதவருக்கும் புரியும். நீர்வளத்துறை அந்தக் கோடுகளை வரைந்து, மழை நாட்களில் மணிக்கொருமுறை மட்டத்தை வெளியிட வேண்டும்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். இந்தப் பருவமழையிலிருந்தே அந்த எண்ணைத் துறையிடம் கேட்டு வாங்கி, செம்பரம்பாக்கத்துக்குக் கீழே "அடையாறு, முடிச்சூர்" என்று ஒரு வரி சேர்த்து அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
வரதராஜபுரம்