வலியில்லாத புண்ணும் நுண்ணோக்கியும்

ஆசிரியருக்கு வணக்கம்.

மேலூர்ப் பக்கத்து லாரி ஓட்டுநர் ஒருவர், பிறப்புறுப்பில் பச்சை இறைச்சிபோலச் சிவந்து, தொட்டாலே ரத்தம் கசியும் புண்ணுக்கு மாதக்கணக்கில் மருந்துக்கடைக் களிம்பையே பூசிவந்தார். வலி இல்லாததால் அசட்டையாக இருந்தவரை, தனியார் மருத்துவமனை ஒன்று சதைப் பரிசோதனைகூடச் செய்யாமல் புற்றுநோய் என்று கலங்கடித்துவிட்டது. வந்திருந்தது டோனோவனோசிஸ். இன்று அரிதாகிவிட்ட இப்பால்வினை நோயின் கிருமியை 1905-இல் சார்லஸ் டோனோவன் கண்டறிந்தது நம் சென்னையில்தான். இங்கேயே அதை மறந்துவிட்டோம்.

புண்ணின் ஓரத்தில் சிறு துணுக்குச் சதை எடுத்து, இரு கண்ணாடித் தகடுகளுக்கிடையே நசுக்கி, ஜீம்சா சாயமேற்றிப் பார்த்தால், உயிரணுக்களுக்குள் மூடிய ஊக்கு வடிவில் கிருமிகள் தெரியும். ஓய்வுபெற்ற ஆய்வக நுட்புநரான நான் பணிக்காலத்தில் இரண்டே முறை பார்த்திருக்கிறேன். கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும் வழக்கமான வளர்ப்புச் சோதனையில் இக்கிருமி வளராது என்பதால், அதன் முடிவை மட்டும் நம்பி நோயில்லை எனச் சொல்லிவிட முடியாது.

மருத்துவர் மேற்பார்வையில் அசித்ரோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்து வாரம் 1 கிராம் வீதம், குறைந்தது 3 வாரங்களும், அதற்குப் பின்னும் புண் முழுமையாக ஆறும்வரையிலும் கொடுக்கப்படுகிறது. பாதியில் நிறுத்துவோருக்குத் திரும்ப வருவதுண்டு. எச்.ஐ.வி., சிபிலிஸ் பரிசோதனைகளும், துணைவருக்கான பரிசோதனையும் அவசியம். மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் பால்வினை நோய்ப் பிரிவு இருப்பதை வட்டார மருத்துவமனைகளின் அறிவிப்புப் பலகைகளில் எழுதிவைக்கச் சுகாதாரத் துறை ஏற்பாடு செய்ய வேண்டும்.

ஓய்வுபெற்ற ஆய்வக நுட்புநர்,
மேலூர்.