ஐபாடும் மிருதங்கத் தொப்பியும்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆப்பிளின் பாட்டுக் கருவிகளான பழைய ஐபாடுகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆசையோடு படித்தேன். ஆனால் ஐந்தாம் தலைமுறையில்தான் இசை கனமாகக் கேட்கும், 2007இல் வந்த கிளாசிக்கில் ஒலி மெலிந்துவிட்டது என்ற தீர்ப்பை என்னால் ஏற்க முடியவில்லை. ஐந்தாம் தலைமுறையில் 2006இல் வந்த 80 ஜிபி, 2007இன் கிளாசிக் இரண்டுமே என்னிடம் இருக்கின்றன.

டிஜிட்டல் பதிவை ஒலியாக மாற்றுவது முன்னதில் வுல்ஃப்சன் சிப், பின்னதில் சிரஸ் லாஜிக் சிப் என்பது உண்மைதான். அந்த வுல்ஃப்சன் பெயருக்காகவே பழையதைத் தேடி அலைபவர்கள் உண்டு. (ஸ்காட்லாந்தின் அந்த நிறுவனத்தை 2014இல் சிரஸ் லாஜிக்கே வாங்கிவிட்டது.) ஆனால் சிப்பைத் தாண்டி ஒலி காதுக்கு வரும் வழியையும் பார்க்க வேண்டாமா? பழையதில் ஒலி கெப்பாசிட்டர் என்ற சிறு மின்பாகத்தின் வழியாக இயர்போனுக்குப் போகிறது. கிளாசிக்கின் சிப்புக்கு அது தேவையில்லை. கெப்பாசிட்டரும் இயர்போனின் ஓம் அளவும் (அதாவது மின்தடையும்) சேர்ந்துதான் தாழ்ந்த ஒலியை எங்கே வெட்டுவது என்று முடிவு செய்கின்றன. உதாரணமாக, 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரோடு 16 ஓம் இயர்போன் சேர்ந்தால் 100 ஹெர்ட்ஸிலேயே 3 டெசிபல் போய்விடும். 300 ஓம் ஹெட்போன் என்றால் அந்த இழப்பு 5 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும், காதுக்கு எட்டாது.

இரண்டிலும் ஒரே மிருதங்கத் தனியாவர்த்தனப் பதிவை ஏற்றி, ஈக்வலைசரை அணைத்தேன். 1000 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, மல்டிமீட்டரில் வோல்டேஜ் பார்த்து வால்யூமை முடிந்தவரை சமமாக்கினேன். இதைச் செய்யாவிட்டால் சற்றே சத்தமாக இருப்பதுதான் நல்லது என்று காது சொல்லிவிடும். என் முதுகுக்குப் பின்னால் மகள் மாற்றி மாற்றிச் செருகினாள்.

300 ஓம் ஹெட்போனில் பத்துக்கு ஐந்து முறைதான் சரியாகச் சொன்னேன். வெறும் ஊகம். 16 ஓம் இயர்போனில் பத்துக்கு ஒன்பது! மிருதங்கத்தின் இடப்பக்கம், ரவை அப்பிய தொப்பியில் மணிக்கட்டை அழுத்தி இழுக்கும்போது அடிவயிற்றில் உருளுமே கும்கி என்ற அந்தத் தாழ்ந்த நாதம், அது பழைய ஐபாடில் சுருங்கிப்போய், வலப்பக்கமான வலந்தலையின் 'நம்' மட்டும் முன்னால் நின்றது. கிளாசிக்கில் கும்கி முழுதாக வந்தது. கட்டுரையாளர் சொன்னதற்கு நேர் எதிர்.

இன்னொரு திருத்தம். ஐபாடின் பின்புறம் மாடல் எண் ஏ1136 என்றிருந்தால் 2006 மாடல் என எழுதியிருக்கிறீர்கள். 2005 மாடலுக்கும் அதே எண்தான். மெனுவில் பாட்டைத் தேடும் வசதி இருந்தால்தான் அது 2006.

அடுத்த முறை ஒப்பிடும்போது எந்த இயர்போன், எத்தனை ஓம் என்பதையும் அச்சிடுங்கள்.

— ஒரு வாசகர், கும்பகோணம்