சிவப்பு எழுத்து போட்ட வீடு

வியன்னா,
செவ்வாய் மாலை

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். உங்கள் நலமும் அம்மாவின் நலமும் அறிய ஆவல். முட்டிக்கு எண்ணெய் தேய்ப்பதை விட்டுவிடாதீர்கள்.

வீடு கிடைத்துவிட்டது என்று போனில் சொன்னபோது, "கவர்மென்ட் வீடா? ஒழுகுதா பாரு" என்றீர்கள். ஒழுகவில்லை அப்பா. மூன்றாவது மாடி, இரண்டு அறை, ஜன்னலைத் திறந்தால் முற்றத்து மரம். முன்பு தனியார் வீட்டில் பாதிச் சம்பளம் வாடகைக்கே போனது. இப்போது மூன்றில் ஒரு பங்குகூடப் போவதில்லை.

குடிவந்த அன்று பெட்டியைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்கு மேலே நிமிர்ந்து பார்த்தேன். சுவரில் பெரிய சிவப்பு எழுத்துகள். எழுத்துக் கூட்டிப் படித்தேன்: வியன்னா நகராட்சி 1926, 1927ஆம் ஆண்டுகளில் வீட்டு வரிப் பணத்திலிருந்து கட்டியது. எந்தப் பணத்தில் கட்டினோம் என்பதைச் சுவரிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்!

பொதுவுடைமை ஒரே அடியில் வருமா, படிப்படியாக வருமா என்று நம் வீட்டுத் திண்ணையில் யூனியன்காரர்களோடு ராத்திரி முழுக்கப் பேசுவீர்களே. படிப்படியாக என்பவர்களிடம் உங்களுக்குக் கோபம்தான் வரும். அந்தப் படிகளில் ஒன்றில்தான் உங்கள் மகள் இப்போது குடியிருக்கிறாள்.

முதல் உலகப் போருக்கு முன்னால் இங்கே தொழிலாளிகள் படுக்கையைக்கூட மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்துத் தூங்கினார்கள். காசநோய்க்கே 'வியன்னா நோய்' என்று பெயர். 1919இல் பெண்களும் ஓட்டுப் போட்ட நகராட்சித் தேர்தலில், ஓட்டு வழியாகப் படிப்படியாகப் போகலாம் என்ற சோஷல் டெமாக்ரட் கட்சி ஜெயித்தது. 1922இல் வியன்னா தனி மாநிலமானதும் வரி போடும் அதிகாரம் கைக்கு வந்தது. நிதிப் பொறுப்பில் இருந்த ஹ்யூகோ பிரைட்னர் 1923இல் வீட்டு வரியைக் கொண்டுவந்தார். சின்ன வீட்டுக்குச் சில்லறை, மாளிகைக்குப் பெருந்தொகை. கார், பந்தயக் குதிரை, வீட்டு வேலையாட்கள், எல்லாவற்றுக்கும் தனி வரி.

நான் ரொம்ப யோசித்தது நிலத்தைப் பற்றித்தான். யாரிடமிருந்தும் பிடுங்கவில்லை. போர்க்காலத்தில், 1917இல், வாடகையை உயர்த்தக் கூடாது என்று சட்டம் வந்திருந்தது. வாடகையில் லாபம் இல்லையென்றால் வீடு கட்ட யார் நிலம் வாங்குவார்கள்? விலை விழுந்தது. நகராட்சி வாங்கிப் போட்டது. 1934க்குள் அறுபதாயிரத்துக்கும் மேல் வீடுகள். கார்ல் மார்க்ஸ் ஹோஃப் என்ற கட்டடத்தை மட்டும் நீங்கள் பார்க்க வேண்டும். ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளம், 1,382 வீடுகள், உள்ளேயே குழந்தைகள் பள்ளி, நூலகம், பல் மருத்துவமனை.

அப்புறம் 1934 பிப்ரவரி. அந்தக் கட்டடத்தின் மீதே, நாட்டை ஆண்ட வலதுசாரி அரசாங்கம் பீரங்கியால் சுட்டது. கட்சியைத் தடை செய்தது. நான் பார்த்துக்கொள்ளும் பாட்டிக்கு அப்போது ஆறு வயது. அவருடைய அம்மா அவரைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி, தலையணையால் காதை அடைத்தாராம். இப்போதும் கதவு படாரென்று சாத்தினால் கை காதுக்குப் போகிறது. "ஓட்டை நம்பினால் கடைசியில் துப்பாக்கிதான் வரும்" என்பீர்களே, அது நினைவுக்கு வந்தது. உங்கள் பேச்சில் நியாயம் இருக்கிறது. ஆனால் வீடுகள் நகராட்சியிடமே நின்றன அப்பா. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மறுபடி கட்டினார்கள். இன்று கிட்டத்தட்ட 2,20,000.

இதுதான் சோஷலிசம் என்று நான் சொல்லவில்லை. கடை, பாங்க், தொழிற்சாலையெல்லாம் முதலாளிகளிடம்தான். இந்த ஊரில் குடியுரிமை இல்லாததால் மூன்றில் ஒருவருக்கு ஓட்டு இல்லை, என்னையும் சேர்த்து. இங்கே மாடிப்படி துடைப்பவர்களும் நோயாளியைத் தூக்குபவர்களும் பெரும்பாலும் நாங்கள்தான். அடுத்த படி அந்த ஓட்டுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்குப் பிறகு, வீட்டுக்குச் செய்ததை மருந்துக்கும் செய்வது. ஒவ்வொன்றாகச் சந்தையிலிருந்து எடுத்துப் பொதுவில் வைத்துக்கொண்டே போனால், லாபத்துக்கு விற்க என்ன மிஞ்சும்? நம்மூர் ரேஷன் அரிசிகூட அப்படி ஒரு படிதானே? வரிசையில் நின்று வாங்கும்போது நமக்கு அது தெரியவில்லை.

உங்களுக்கு வேறு கருத்து இருக்கும். போனில் சொல்ல வேண்டாம், எழுதுங்கள். நிதானமாகப் படிக்க வேண்டும்.

கீழே பொதுச் சலவை அறையில் துணி போட்டிருக்கிறேன். சாவி ஏழு மணிவரைதான் என்னிடம். அடுத்த முறை இரண்டாம் மாடித் துருக்கி அக்காவுக்கு. போய் எடுக்க வேண்டும்.

அன்புடன்,
உங்கள் மகள்