மூன்றாவது வானம்

அன்பு நண்பா,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. உறையின் மேல் இருந்த எழுத்தைப் பார்த்தவுடனேயே கண் அறுவை நல்லபடியாக முடிந்துவிட்டது என்று தெரிந்துகொண்டேன். போன கடிதத்தில் வரிகள் எல்லாம் வலப்பக்கம் சரிந்து கிடந்தன. இதில் அடிக்கோல் வைத்து எழுதியதுபோல நிற்கின்றன. புரை எடுத்த கண்ணால் பார்த்தால் வெள்ளைச் சட்டை நீலம் போட்டுத் துவைத்ததுபோல இருக்கிறது, எடுக்காத கண்ணால் பார்த்தால் அதே சட்டை பழைய காகிதம்போல மஞ்சளாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். அந்த ஒரு வரியை நாலைந்து முறை படித்தேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

"பலகையில் ரயில் விடப்போகிறேன் என்றாயே, ஓடுகிறதா, இல்லை அதுவும் உன் ஹார்மோனியம்போலத்தானா?" என்று கேட்டிருக்கிறாய். ஓடுகிறது. ஹார்மோனியத்தை இனிமேல் இழுக்காதே.

சுவரில் அடித்த ஒற்றைப் பலகைதான். நீளம் 240 சென்டிமீட்டர், அகலம் 32. அதற்குமேல் அகலம் வைத்தால் அறைக் கதவு முழுதாகத் திறக்காது. மாதிரி ரயில்களில் நான் எடுத்துக்கொண்டது எச்.ஓ. என்ற அளவு: நிஜத்தில் 87 மீட்டர் இருப்பது இங்கே ஒரு மீட்டர். 1435 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள ரயில் பாதை 16.5 மில்லிமீட்டராகச் சுருங்கிவிடும். ஒருநாள் தூக்கம் வராமல் படுத்திருந்தபோது கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் பலகை நீளவாக்கில் ஏறக்குறைய 209 மீட்டர். சிறியதொரு சரக்கு நிலையத்துக்கு அது போதும். அகலவாக்கில்? 28 மீட்டர். பெரிய என்ஜின் ஒன்றைக் குறுக்கே நிறுத்தினால் பாதிக்கு மேல் போய்விடும். அந்த 28 மீட்டருக்குள் தண்டவாளம், கொட்டகை, மரம், காடு, மலை, அடிவானம் எல்லாம் வேண்டும் என்றால் எங்கே போவது? மீதி உலகத்தைச் சுவர்தான் சுமக்க வேண்டும்.

தண்டவாளக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆலன் ரைட் என்ற பிரிட்டிஷ்காரர் வகுத்த பழைய திட்டம் ஒன்று இருக்கிறது, இங்கிள்நூக் என்று பெயர். மூன்றே பாதைகள், ஒரு பாதையிலிருந்து இன்னொன்றுக்கு வண்டியைத் திருப்பும் பாயிண்டுகள் இரண்டே. ஒரு பாதையில் ஐந்து வேகன்களுக்கு இடம், மற்ற இரண்டில் மும்மூன்றுக்கு. என்ஜின் முன்னும் பின்னும் போய்வர ஒதுக்கிய துண்டுப் பாதையில் என்ஜினோடு மூன்று வேகன்களுக்குத்தான் இடம். ஆட்டத்துக்கு மொத்தம் எட்டு வேகன்கள்; எட்டுக்கும் சீட்டு எழுதிக் குலுக்கி ஐந்தை எடுக்க வேண்டும். எடுத்த வரிசையிலேயே வண்டியைக் கோத்துக் காட்ட வேண்டும். பார்த்தால் குழந்தை விளையாட்டு; உட்கார்ந்தால் அரைமணி நேரம் போவது தெரியாது. எத்தனை வரிசைகள் வரும் என்று நீ கேட்பாய் என்று தெரிந்து முன்பே பெருக்கி வைத்திருக்கிறேன்: 6720. தினம் ஒன்று என்றாலும் 18 ஆண்டுகளுக்கு மேல் காணும். நம் இருவருக்கும் அது தாராளம்.

மின்சார வேலையில் ஒரு வாரம் அவதிப்பட்டேன். பாயிண்டில் இரண்டு தண்டவாளங்கள் வெட்டிக்கொள்ளும் முனை பிளாஸ்டிக்கில் இருந்தால், சின்ன என்ஜின் அதன்மேல் மெதுவாக வரும்போது மின்சாரம் அறுந்து அப்படியே நின்றுவிடும். உலோக முனையுள்ள பாயிண்டாக மாற்றினேன். அதற்கு ஒயர் கொடுக்கும்போது இரண்டை மாற்றிக் கொடுத்துவிட்டு, என்ஜின்தான் கெட்டுவிட்டது என்று மூன்று நாள் அதைக் கழற்றிக்கொண்டிருந்தேன். இதை யாரிடமும் சொல்லாதே.

நான் சொல்ல வந்தது படுதாவைப் பற்றி. புத்தகங்களில் பின்னணித் திரை என்று போட்டிருக்கிறது. எனக்கு நாடக மேடை ஞாபகத்தில் படுதா என்றுதான் வாயில் வருகிறது. ரயில் மாதிரியையும் மேடையாகவே நினைக்க வேண்டும், ஓடும் வண்டிகள்தான் நடிகர்கள் என்று 1940-களிலேயே பிராங்க் எல்லிசன் என்ற அமெரிக்கர் எழுதினார். அவர் நாடகத் துறையிலிருந்து வந்தவர். அதைப் படித்தபோது தலையாட்டினேனே தவிர, விளங்கிக்கொண்டது படுதாவில் இரண்டு வானங்களைப் பாழாக்கிய பிறகுதான்.

முதலில் படுதாவுக்கு 3 மில்லிமீட்டர் ஹார்ட்போர்டு வாங்கினேன். இரண்டு ஓரங்களிலும் அதை முன்பக்கமாக வளைக்க வேண்டும். மூலை கூர்மையாக இருந்தால் வானத்தில் செங்குத்தாக ஒரு கோடு விழுந்து, இது அறை என்று காட்டிக்கொடுத்துவிடும். அவசரப்பட்டு இறுக்கி வளைத்தேன், படாரென்று முறிந்தது. பிறகு மெல்லிய பிளாஸ்டிக் தகடு வாங்கி, வண்ணம் பிடிப்பதற்காக உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வெள்ளைப் பூச்சு ஒன்று கொடுத்தேன். அது சொன்னபடி வளைந்தது.

முதல் வானத்தில் எனக்குத் தெரிந்த வித்தை அத்தனையும் காட்டினேன். திரண்ட மேகங்கள், அடுக்கடுக்காக மலை, மலையிலிருந்து இறங்கி வரும் ஒரு பாதை. ஓவிய வகுப்பில் இரண்டு முக்கோண மலைகளுக்கு நடுவே சூரியனை வைத்து நான் வரைவேனே, அதற்கு அறுபது வயதானால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. என்ஜினை ஓடவிட்டுப் பார்த்தேன். அது ஓடுவதையே நான் பார்க்கவில்லை, கண் மேகத்திலேயே நின்றது. அந்தப் பாதை இன்னும் மோசம். நாற்காலியில் இருந்து பார்த்தால் தூரத்திலிருந்து வந்தது. இரண்டடி நகர்ந்து பார்த்தால் முறுக்கிக்கொண்டு வேறெங்கோ போனது. ஓவியத்தில் ஓடும் கோடு ஒரே இடத்தில் நின்று பார்ப்பவனுக்குத்தான் விசுவாசமாக இருக்கும். ரயிலைப் பார்ப்பவன் பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே இருப்பான். அதனால் படுதாவில் பாதையும் வேலியும் வரையாமல் இருப்பதே புத்தி.

இரண்டாவது வானம் அச்சடித்த புகைப்படம். சோம்பேறித்தனம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஒட்டி முடித்தபின் பார்த்தால் படத்தில் வெயில் இடப்பக்கத்திலிருந்து அடிக்கிறது, என் விளக்கு வலப்பக்கத்தில். போதாததற்கு, தூரத்து மரத்தின் ஒவ்வோர் இலையும் தெரிந்தது. முன்னால் நான் பஞ்சிலும் கம்பியிலும் செய்து வைத்த மரங்கள் அதற்கு முன் பொம்மையாகிவிட்டன. பின்னால் இருப்பது முன்னால் இருப்பதைவிடக் கூர்மையாக இருந்தால் பிறகென்ன தூரம்? உரித்தெடுத்தேன்.

மூன்றாவதை வரைய ஏழு வாரம் ஆயிற்று. வரைந்ததைவிட அழித்ததுதான் அதிகம்.

அடிவானத்தை எங்கே வைப்பது என்பதில் தொடங்கினேன். அடிவானம் எப்போதும் பார்ப்பவனின் கண்மட்டத்தில்தான் நிற்கும், நீ மாடியில் ஏறினால் அதுவும் ஏறும். நான் ரயில் விடுவது நாற்காலியில் உட்கார்ந்து. உட்கார்ந்தால் என் கண் தண்டவாளத்துக்கு 11 சென்டிமீட்டர் மேலே இருக்கிறது. அடிவானக் கோடு அங்கேதான். நின்று பார்ப்பவர்களுக்குத் தரை சற்றுச் சரிந்து தெரியும். அவர்களுக்காக நான் கட்டவில்லை.

வானம் முழுவதையும் ஒரே மூச்சில் பூச வேண்டும். மேலே அல்ட்ராமரீன் நீலத்தில் வெள்ளை, கீழே வர வர வெள்ளை கூடி, அடிவானத்தில் நீலம் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வர வேண்டும். தண்ணீர் தெளித்துக்கொண்டே, அகலத் தூரிகையால் ஈரம் காய்வதற்குள் குறுக்கே இழுத்துக்கொண்டே போக வேண்டும். பாதியில் தொலைபேசி மணி அடித்தது. எடுக்கவில்லை. அடித்தது நீதான் என்று பிறகு தெரிந்தது, மன்னித்துவிடு. அக்ரிலிக் வண்ணம் காய்ந்தால் கொஞ்சம் கறுக்கும். மறுநாள் கலக்கி ஒட்டுப்போடலாம் என்று நினைத்தால் ஒட்டு ஒட்டாகவே தெரியும். மேகம் என்று இப்போது இருப்பவை கீழே தட்டையாக இரண்டு மூன்று கீற்றுகள் மட்டும்.

பிறகு மலைகள். தூரத்து மலை ஏன் நீலமாகிறது என்று நாம் படித்திருக்கிறோம். இடையில் உள்ள காற்று குட்டை அலைநீள ஒளியை அதிகமாகச் சிதறடிக்கிறது. அந்த நீலம் மலையின் கறுப்பின்மேல் வந்து படிகிறது. ஐந்து மடங்கு தூரத்தில் காட்ட வேண்டியதை ஐந்து மடங்கு நீலமாக்கு என்று லியனார்டோ டா வின்சி தன் குறிப்புகளில் எழுதி வைத்திருக்கிறார். கையில் தூரிகை எடுத்தபின் எனக்குப் புரிந்தது இது: மலைக்கென்று தனி நிறமே தேவையில்லை. அடிவானத்துக்குக் கலக்கிய அதே வண்ணத்தை எடுத்து, அதில் துளி பச்சையும் துளி அம்பர் பழுப்பும் விட்டால் கடைசி மலை. இன்னும் கொஞ்சம் விட்டால் அதற்கு முந்தியது. வானமே கெட்டியாகிக்கொண்டு முன்னால் வருகிறது. கடைசி மலைக்கும் வானத்துக்கும் இடையில் எல்லை எங்கே என்று எனக்கே சில சமயம் தெரிவதில்லை, அந்த இடத்தைத்தான் நான் அதிக நேரம் பார்க்கிறேன்.

பலகையும் படுதாவும் சேரும் தையலை மறைப்பது தனி வித்தை. நியூயார்க்கில் உள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் ஜேம்ஸ் பெரி வில்சன் என்ற ஓவியர், பாடம் செய்த விலங்குகளுக்குப் பின்னால் வளைந்த சுவர்களில் நிலக்காட்சிகள் வரைந்தார். வளைவினால் உருவம் கோணிப்போகாமல் இருக்கக் கட்டம் போட்டுக் கணக்கிட்டு வரைந்தவர். அவருடைய படங்களில் நிஜப் புல் எங்கே முடிகிறது, வரைந்த புல் எங்கே தொடங்குகிறது என்று தேட வேண்டியிருக்கிறது. எனக்கு அந்தப் பொறுமை இல்லை. தையல் நெடுக ஒரு தாழ்ந்த மதிற்சுவர், நடுவில் அரையடி உயரக் கிடங்கு ஒன்று (முகப்பு மட்டும்தான், உடம்பு ஒரு விரல் தடிமன்), மீதி இடத்தில் புதர். கிடங்கின் நிழல் வானத்தின்மேல் விழுந்துவிடும் என்ற பயத்தில் விளக்கைப் பலகையின் முன்விளிம்புக்கு நேர்மேலே நகர்த்தினேன். நகர்த்தியதும் மலையின் நிறம் மாறிப்போயிற்று. ஜன்னல் வெளிச்சத்தில் கலக்கிய சாம்பல், எல்.இ.டி. வெளிச்சத்தில் வேறாகத் தெரிந்தது. மறுபடி தூரிகை. எந்த விளக்கில் பார்க்கப்போகிறாயோ அந்த விளக்கிலேயே வரை என்று எனக்கு யாரும் முன்பே சொல்லவில்லை.

இப்போது உன் கண் விஷயத்துக்கு வருகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பேத்தி வந்தாள். என்ஜினை ஓட்டினாள், இரண்டு வேகன்களைக் கவிழ்த்தாள், பிறகு, "தாத்தா, மலை ஏன் கத்தரிப்பூ நிறத்தில் இருக்கிறது?" என்றாள். எனக்கு அது சாம்பல் நீலமாகத்தான் தெரிகிறது. அவளுடைய அம்மாவைக் கேட்டேன். அவளும் கத்தரிப்பூ என்றாள், கொஞ்சம் தயங்கி. இரண்டு நாள் கழித்து உன் கடிதம் வருகிறது, சட்டை ஒரு கண்ணுக்கு நீலம், மறுகண்ணுக்கு மஞ்சள் என்று!

ஓவியர் மோனேவுக்கும் 1923-இல் வலது கண்ணில் மட்டும் புரை எடுத்தார்கள். இடது கண்ணுக்கு அவர் கடைசிவரை சம்மதிக்கவில்லை. அதைப் படித்த பிறகு யோசித்துப் பார்த்தேன். என் கண்வில்லையும் மஞ்சளாகியிருந்தால், அது மலையையும் மஞ்சளாகக் காட்டும், என் வண்ணத்தையும் மஞ்சளாகக் காட்டும், ஒன்றுக்கொன்று கழிந்துவிடாதா? மலையை எதிரே வைத்துப் பார்த்து வரைந்திருந்தால் கழிந்திருக்கும். நான் வரைந்தது நினைவிலிருந்து. அந்த மலையை நீயும் நானும் பதினைந்து வயதுக் கண்ணால் பார்த்தோம். அந்த நீலம் வர வேண்டும் என்று இந்த வயதில் சொட்டுச் சொட்டாக நான் நீலத்தைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறேன் போல.

உன் இரண்டாவது கண்ணுக்கு அடுத்த மாதக் கடைசியில் தேதி கொடுத்திருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். அதற்கு முன் ஒருமுறை வந்துவிட்டுப் போ. பிறகு வந்தால் எனக்குப் பிரயோசனம் இல்லை. நாற்காலியில் உட்கார வைக்கிறேன், எழுந்து நிற்காதே, அடிவானம் கெட்டுவிடும். முதலில் இடது கண்ணை மூடிக்கொண்டு பார், பிறகு வலது கண்ணை. கடைசி மலை எதில் கத்தரிப்பூ, எதில் சாம்பல் என்று சொல்லிவிடு. அதுவரை தூரிகையைத் தொடமாட்டேன். மிச்சம் இருக்கும் வண்ணத்தை மூடி போட்ட டப்பாவில் வைத்திருக்கிறேன், காய்வதற்குள் வா. சொட்டு மருந்தை மறந்துவிடாதே.

உன்
கடைசி பெஞ்சுக்காரன்