ஒரு பிளக் பாயிண்ட் கேட்டு: எங்கள் குடியிருப்போர் நலச்சங்க நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகியோருக்கும் நிர்வாகக் குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வளாகத்தினுள் மின்வாகனங்களுக்குச் சார்ஜ் ஏற்ற இப்போதைக்கு அனுமதியில்லை என்று சென்ற வாரம் லிஃப்ட் அருகே ஒட்டப்பட்ட சுற்றறிக்கையைப் படித்தேன். மூன்று முறை எழுத்தில் கேட்டும் வராத பதில், பொது அறிவிப்பாகவாவது வந்ததற்கு நன்றி. அதில், "வெளியே சார்ஜ் ஏற்றினாலும் பெட்ரோலைவிட மலிவுதான்" என்றொரு வரி இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்க்காமல் எழுதப்பட்ட வரி அது என்பதால், அந்தக் கணக்கை நான் போட்டுத் தருகிறேன்.

தாம்பரத்திலிருந்து சிறுசேரிக்குப் போய்வர எனக்கு நாளொன்றுக்கு 50 கி.மீ.; 24 வேலை நாட்களுக்கு 1,200 கி.மீ. மேடவாக்கம் நெரிசலில் என் பழைய பெட்ரோல் கார் லிட்டருக்கு 13 கி.மீ.க்கு மேல் கொடுத்ததில்லை. லிட்டர் 101 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மாதம் ஏறத்தாழ 9,300 ரூபாய். மின்காரின் திரை யூனிட்டுக்கு ஏழரை கி.மீ. என்று காட்டுகிறது, ஏற்றும்போது வீணாவதையும் சேர்த்து மீட்டர்படி பார்த்தால் ஆறரைதான் தேறும். ஆக, மாதத்துக்கு 185 யூனிட்.

யூனிட் ஐந்து ரூபாய் என்று சராசரி போட்டுச் சேமிப்பைப் பெரிதாக்கிக் காட்டுவோரும் உண்டு. நான் அப்படிச் செய்யவில்லை. எங்கள் வீட்டில் இரண்டு மாதத்துக்கு 480 யூனிட் ஓடுகிறது, காரின் 370 சேர்ந்தால் 850. அது 500ஐத் தாண்டியதும் குறைந்த கட்டணப் படி கைநழுவி மேல்படிகள் ஏறிக்கொள்வதால், காருக்குப் போகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் உண்மையில் பத்து ரூபாய் ஆகிறது. அப்படிக் கணக்கிட்டாலும் மாதம் 1,850 ரூபாய்தான். அதே 185 யூனிட்டை நான் போகும் ஃபாஸ்ட் சார்ஜரில் ஏற்றினால், வரியோடு யூனிட் 22 ரூபாய் வீதம் 4,070 ரூபாய்.

பெட்ரோலைவிட மலிவுதான், மறுக்கவில்லை. ஆனால், இந்தக் காரை வாங்குவதற்குப் பெட்ரோல் காரைவிட நான் 4 லட்சம் ரூபாய் கூடுதலாகக் கொடுத்திருக்கிறேன். வீட்டில் ஏற்றினால் அந்தப் பணம் நாலரை ஆண்டில் திரும்பிவிடும்; வெளியே ஏற்றினால் ஆறு ஆண்டுகள் தாண்டும். என் மீட்டரிலிருந்து என் வண்டி நிறுத்துமிடத்துக்கு வரவேண்டிய ஒரு ஒயரின் விலை, இப்படி ஏறத்தாழ இருபத்து மூன்று மாதங்களாகிறது.

பணத்தையாவது பொறுத்துக்கொள்ளலாம். சென்ற வியாழன் இரவு பேட்டரி 9 விழுக்காட்டில் இருக்க, மறுநாள் காலை அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துப் போகவேண்டியிருந்ததால், பத்தரை மணிக்கு பங்க்குக்குப் போனேன். இருந்த இரண்டு சார்ஜர்களில் ஒன்று பழுது. மற்றொன்றில் எனக்கு முன்னால் இரண்டு டாக்சிகள். என் முறை வந்தபோது பன்னிரண்டேகால். வீட்டில் விட்டுவர ஆளில்லாததால் உடன் வந்த என் ஆறு வயது மகள், பின்சீட்டில் பள்ளிப்பையைத் தலைக்கு வைத்து உறங்கிப்போயிருந்தாள். ஒன்றே கால் மணிக்கு அவளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தபோது, காவலாளி கேட்டைத் திறந்துவிட்டு, "சார், இங்கேயே போட்டுக்கலாமே" என்றார். அவருக்கு விளங்குவது நமக்கு விளங்கவில்லை.

தீ விபத்து அச்சமும் மின்பளு அச்சமும் உங்களுக்கு இருக்கலாம். நான் கேட்பது 15 ஆம்பியர் பிளக் பாயிண்ட் ஒன்றே; அது இழுப்பது ஏறத்தாழ 3 கிலோவாட், நம் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கும் கீசர் இழுப்பதைப் போன்றது, அதுவும் ஊர் உறங்கும் நேரத்தில். மின்பளு மிஞ்சினால் தானே அணைந்துவிடும் தனி எம்.சி.பி. சுவிட்ச், மின்கசிவுத் துண்டிப்பான், முறையான எர்த் எல்லாம் வைத்துத்தான் ஒயர் இழுக்கப் போகிறேன். மத்திய அரசு 2024 பிப்ரவரியில் திருத்திய மின்நுகர்வோர் உரிமை விதிகள், மின்வாகனத்துக்கென்று தனி இணைப்பே கேட்டுப் பெறலாம் என்கின்றன. நான் கேட்பது அவ்வளவுகூட இல்லை. என் நிறுத்துமிடத்தில், என் மீட்டரில், என் செலவில் ஒரு பிளக் பாயிண்ட்.

நம் வாசலில் "பசுமை வளாகம்" என்று பலகை தொங்குகிறது. அதன் எழுத்துகளைச் சுற்றி மாலை ஆறு முதல் காலை ஆறு வரை பச்சை விளக்குகள் எரிகின்றன, பொதுச் செலவில். அந்த விளக்குகளுக்கு எந்தப் பொதுக்குழுவில் அனுமதி வாங்கினோம் என்று எனக்கு நினைவில்லை. யாரும் நீந்தாத நீச்சல்குளத்தின் மோட்டாரைப் பற்றியும் எழுதலாம். அது இம்மடலின் பொருளல்ல, மன்னிக்கவும்.

ஆகவே, அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் என் விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு, ஒரு பிளக் பாயிண்டுக்கான தடையில்லாச் சான்றை வழங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். மறுப்பதானால், காரணத்தை எழுத்தில் தந்தால் போதும். உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் வரைந்து தந்த ஒயரிங் படத்தை நான்காவது முறையாக இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
'பி' பிளாக் குடியிருப்பாளர் ஒருவர்