முகப்பழக்கத்தை ஒதுக்காதீர்கள்

ஆசிரியருக்கு,

தாம்பரம்–கடற்கரை மின்சார ரயிலில், பாரிமுனைக்குப் பூ வாங்கப் போகும் அக்கா ஒருவர் என்னோடு வருவார். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. வீட்டுக் கஷ்டத்தை அவரிடம் சொல்ல மாட்டேன். அதற்குக் கல்லூரித் தோழி இருக்கிறாள். ஆனால் என் தம்பி வேலையில்லாமல் இருந்தபோது, ஆண்டர்சன் தெருக் காகிதக் கடையில் கணக்கு எழுத ஆள் தேடுகிறார்கள் என்று சொன்னது இந்த அக்காதான். தோழிக்குத் தெரிந்த இடமெல்லாம் எனக்கும் தெரிந்த இடம்தானே! அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973-லேயே இதை எழுதிவிட்டார்: புதுத் தகவல் நெருக்கமில்லாத பழக்கத்தின் வழியாகத்தான் அதிகம் வருகிறது. இப்போது பெட்டி முழுக்கக் காதில் இயர்போன். அக்கா கூடையோடு நின்றாலும் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. மனசு கஷ்டமாக இருக்கிறது. பக்கத்து சீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தையாவது பேசுங்கள்.

– ஒரு வாசகி, குரோம்பேட்டை