அலைடு கணிதம் யாருக்காக? பாடத்திட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாடத்திட்டக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். பி.எஸ்சி. இயற்பியல் பாடத்திட்டத்தை மறுபடியும் திருத்தப்போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். கௌரவ விரிவுரையாளராகப் பல வருடம் குவாண்டம் இயக்கவியல் நடத்துகிறவன் நான். இயற்பியல் மாணவர்கள் துணைப் பாடமாகப் படிக்கும் முதலாண்டு அலைடு கணிதம் பற்றி மட்டும் கொஞ்சம் பேச வேண்டும்.

போன வாரம் மூன்றாம் ஆண்டு வகுப்பில் ஒரு சின்ன அணியை (மேட்ரிக்ஸ்) பலகையில் எழுதினேன். மூலைவிட்டத்தில் இரண்டு 2, மற்ற இரண்டு இடத்திலும் −1. அந்த அணிக்கே உரிய சிறப்பு எண்களான ஐகன் மதிப்புகள் என்ன என்று கேட்டு சாக்பீஸை வைப்பதற்குள் பதில் வந்துவிட்டது: 1, 3. சரி, அதற்கு என்ன அர்த்தம்? யாரும் வாய் திறக்கவில்லை. கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன், "கெய்லி-ஹாமில்டன் போடணுமா சார்?" என்றான். அணிகளைப் பற்றிய ஒரு தேற்றம் அது. அவனைக் குறை சொல்ல மாட்டேன். பத்து மார்க் கேள்வியாகத்தானே அவனுக்கு அதை அறிமுகப்படுத்தினோம்!

இரண்டு சுவர்களுக்கு நடுவே ஒரே மாதிரியான மூன்று ஸ்பிரிங்குகளில் கோத்த இரண்டு சம நிறைக் குண்டுகள்தான் அந்த அணி. இரண்டும் ஒரே பக்கம் சேர்ந்து ஆடினால் 1. எதிரும் புதிருமாக ஆடினால் 3. இந்த எண்கள் அதிர்வெண்ணின் வர்க்கத்தைக் காட்டுவதால், இரண்டாவது ஆட்டத்தின் அதிர்வெண் முதலாவதைப்போல் 1.73 மடங்கு, அதாவது 3-ன் வர்க்கமூலம். இதை ஒருமுறை கண்ணால் பார்த்தவனிடம் ஹைட்ரஜனின் ஆற்றல் மட்டங்களும் ஐகன் மதிப்புகள்தான் என்றால் மிரள மாட்டான்.

1925-ல் குவாண்டம் இயக்கவியலுக்கு அடித்தளமிட்ட ஹைசன்பர்க், தான் கையாள்வது அணிப் பெருக்கல் என்று தெரியாமலேயே கணக்குப் போட்டார். மாணவப் பருவத்தில் அணிகளைப் படித்திருந்த மேக்ஸ் பார்ன்தான் அதை அடையாளம் கண்டார். நம் பிள்ளைகள் கதை தலைகீழ். அணி தெரியும், எதற்கென்று தெரியாது.

அணிகளைப் பற்றிய நேரியல் இயற்கணிதத்தை முதல் பருவத்துக்குக் கொண்டுவாருங்கள். வெக்டர் கால்குலஸ் இப்போது கடைசி யூனிட்டில் கிடக்கிறது. கடைசி யூனிட்டை சாய்ஸில் விடுவது நம் ஊர் வழக்கம் என்பது உங்களுக்கும் தெரியும். அதிலுள்ள ஸ்டோக்ஸ் தேற்றத்தை சாய்ஸில் விட்டவனுக்கு மின்காந்தவியல் எப்படி நடத்துவது? எம்.எஸ்சி.க்கான ஜாம் நுழைவுத் தேர்விலும் இதைக் கேட்கிறார்கள். வகைக்கெழுச் சமன்பாடுகள், நிகழ்தகவு இரண்டுக்கும் கூடுதல் நேரம் வேண்டும். இடமில்லை என்றால் ஹார்னர் முறையை எடுத்துவிடுங்கள். கையால் இரண்டு தசமத்துக்குச் சமன்பாட்டின் மூலத்தைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்த காலம் போய்விட்டது.

கால்குலஸின் அடிப்படைகளைத் துல்லியமாக நிறுவும் மெய்ப்பகுப்பாய்வு எனக்குப் பிடித்த பாடம், அதன் எப்சிலான்-டெல்டா நிரூபணங்களோடு ராத்திரி முழுக்க மல்லுக்கட்டியிருக்கிறேன். ஆனாலும் அதைக் கட்டாயமாக்கச் சொல்ல மாட்டேன். ஆசைப்படுகிறவர்கள் கணிதத் துறை வகுப்பில் போய் உட்கார்ந்து படிக்கட்டும். அதற்குக் கிரெடிட் கொடுங்கள், போதும்.

அப்புறம், அலைடு வினாத்தாளை இறுதி செய்யும்போது ஓர் இயற்பியல் ஆசிரியரையும் கூப்பிடுங்கள். அந்த ஸ்பிரிங் கணக்கை நானே எழுதித் தருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு கௌரவ விரிவுரையாளர், இயற்பியல் துறை